எங்கம்மா உட்கார வாங்கிய ஸ்டூல்

துருவுக்கு ஒரு வாசனை உண்டு, அதோடு வியர்வையும் சேர்ந்துவிட்டால் முகர்கிறவரின் நாக்கிலேயே லேசாகக் கசப்புத் தட்டும். சாயங்கால வண்டியில் அம்மா கவரைப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்குள் நுழைகிறபோது முதலில் அந்த வாசனைதான் வரும், அப்புறம்தான் அம்மா வருவாள். வந்ததும் ஒயர் கூடையை மூலையில் போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து காலை நீட்டி, சேலையை முழங்கால் வரைக்கும் ஏற்றிக்கொண்டு, தைல பாட்டிலை என் பக்கம் தள்ளுவாள். கெண்டைக்காலில் நீல நரம்புகள் புடைத்து முறுக்கிக்கொண்டு கிடக்கும், நான் தேய்த்தால் விரலுக்கடியில் நழுவும், "மெதுவாடி, எரியுது" என்பாள். எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. அந்தக் கால்களை நினைத்தால் மற்றவர்களுக்குக் கண்ணீர் வரலாம், எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான் வருகிறது.

அம்மாவின் பெயர் தேசம்மா. கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடுகிற கம்பெனி ஒன்றில் "யார்டு வேலை" பார்த்தாள். லாரிகள் கொண்டுவந்து கொட்டுகிற பழைய சாமான் குவியலிலிருந்து செம்பு, பித்தளை, அலுமினியம், ரப்பர் என்று ஒவ்வொன்றையும் பொறுக்கித் தனித்தனியாகப் போட வேண்டும், மிச்சமிருக்கிற இரும்புதான் உலைக்குப் போகும். எல்லாம் வெட்டவெளியில், தலைக்கு மேல் ஒரு தகரம்கூடக் கிடையாது. தரையில் உட்கார முடியாது, இரும்புச் சீவல் குத்தும், வெயில் ஏறினால் தகடு சுடும். அதனால் ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே குனிவதும், குனிந்துகொண்டே நிற்பதுமாக அந்தப் பெண்கள் வேலை செய்தார்கள். அவர்களை மேய்த்த மேஸ்திரி மட்டும் ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பார். "உக்காந்தா கை ஸ்லோவாயிடும்" என்பது அவர் கண்டுபிடித்த தத்துவம். உட்கார்ந்தபடி ஒருவன் இதைச் சொல்ல, நின்றபடி இருபது பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு வாயில் நல்ல வார்த்தை வருவதில்லை.

மடக்கு ஸ்டூல் யோசனை நைனாவுடையது. எங்கள் பக்கத்தில் அப்பாவை "நைனா" என்றுதான் கூப்பிடுவோம். முன்னே நாற்று நட்டுக்கொண்டிருந்த கை, அப்போது ரோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஹைவேஸில் அளக்க வந்த இஞ்சினியர் ஒருவர் பையிலிருந்து குடை மாதிரி ஒன்றை எடுத்து, பட்டென்று விரித்து, அதன்மேல் உட்கார்ந்துவிட்டதை நைனா பார்த்திருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்ததிலிருந்து அதே பேச்சு. "அவுரு வெயில்ல உக்காந்துகினுதான் எழுதறாரு, வேல ஓடலியா? நீயும் உக்காந்துகினு பொறுக்கு. மேஸ்திரி இன்னா, ஸ்டூலுக்கு இன்னா சொல்லப் போறான்? கம்பெனி சேரா கேக்கற?" என்று அம்மாவிடம் அடித்துச் சொன்னார். அம்மாவுக்கு நம்பிக்கையில்லை, ஆனால் கால் எரிகிறதே, அதனால் தலையாட்டினாள்.

மணவாள நகரில் அத்தை வீட்டுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துத் திருவள்ளூர் பஜாருக்குக் கிளம்பினோம். குடை, டிரங்குப் பெட்டி, மடக்குக் கட்டில் எல்லாம் தொங்கவிட்டிருந்த ஒரு கடையில் நைனா நுழைந்தார். கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எதுக்குப்பா, மீன் புடிக்கவா, கோயிலு குளம் போவறதுக்கா?" என்றார். "கம்பெனிக்கு" என்றாள் அம்மா. கடைக்காரர் சிரித்துவிட்டார், நான் அந்த ஆளை முறைத்தேன்.

முதலில் வந்தது இரும்புக் குழாயில் ஒயர் பின்னிய நாலுகால் ஸ்டூல். அம்மா அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். "இத தூக்கிக்கினு ஸ்டேஷன்லேர்ந்து நடந்தா, கம்பெனி போய்ச் சேர்றதுக்குள்ளயே கால் பூடும்" என்று கீழே வைத்துவிட்டாள். அடுத்தது பிளாஸ்டிக். நைனா அதன் காலை வளைத்துப் பார்த்து, "வெயில்ல வெச்சா நாலு நாள்ல வெடிச்சிடும்" என்றார். அப்புறம் மரச்சட்டத்தில் துணி கட்டிய ஒன்று, பார்க்க நன்றாகத்தான் இருந்தது, எடையும் பரவாயில்லை, ஆனால் மழையில் ஊறினால் உளுத்துப்போகும் என்று நைனா அதையும் ஒதுக்கினார். கடைசியாகக் கடைக்காரர் பரண்மேலிருந்து ஒரு துணி உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து மூன்று அலுமினியக் குழாய்களை உருவி, நடுவில் பிடித்துத் திருகினார். மூன்று காலும் அகன்று, மேலே பச்சை கித்தான் துணி விறைப்பாக இழுபட்டு நின்றது.

நைனா முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! தலைகீழாகக் கவிழ்த்து ஆணிகளை நகத்தால் சுரண்டினார், துணியின் தையலை இழுத்தார், கடை வாசலில் மேடுபள்ளமான இடத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தார். "நாலு காலு இருந்தா ஒண்ணு தூக்கிக்கும். மூணு காலு எந்தத் தரைலயும் அப்படியே நிக்கும். துரு புடிக்காது. வெயிட்டே இல்ல பாரு" என்று எங்களுக்கே விற்கிறவர் மாதிரி பேசினார். மடக்கினால் ஒயர் கூடையில் சோற்று டப்பா பக்கத்தில் அடங்கிற்று. "உக்காந்து பாரு" என்றார் அம்மாவிடம். கடையில் அத்தனை ஆம்பளைகள் எதிரில் அவள் எப்படி உட்காருவாள்? கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "பாப்பா உக்காரட்டும், நான் கம்பெனில போய் உக்காந்துக்கறேன்" என்றாள். நான் உட்கார்ந்தேன், ராணி மாதிரி இருந்தது.

இத்தனை பார்த்து வாங்கினோமே, ஒன்றை மட்டும் மூன்று பேரும் யோசிக்கவில்லை. அது பழைய உலோகத்தில் பிழைக்கிற கம்பெனி. அங்கே கேட்டுக்குள் போகிற பொண்ணுங்களை யாரும் சோதிக்க மாட்டார்கள், வெளியே வருகிறபோதுதான் கூடையைக் கவிழ்த்து, முந்தானையை உதறச் சொல்லி, ஒரு துண்டு செம்புக் கம்பி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நாங்கள் அந்த கேட்டுக்குள் அலுமினியத்தைக் கொண்டுபோகச் சொல்லி அனுப்பினோம்.

திங்கட்கிழமை காலை கேட் வாட்ச்மேன் ஸ்டூலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இன்னா தேசம்மா, பீச்சுக்கா?" என்று உள்ளே விட்டுவிட்டார். அம்மா குவியல் பக்கத்தில் போய் விரித்து வைத்தாள், கூட வேலை செய்த ரோசி அக்கா "சிம்மாசனம் வந்திடுச்சிடோய்" என்று கைதட்டினாள், சேலையை ஒதுக்கி அம்மா உட்காரப் போனபோது மேஸ்திரியின் விசில் சத்தம் கேட்டது. "எவ அவ? மடக்குடி அத!" மடக்கி வைத்தாள். சாயங்காலம் கேட்டில் கூடையைக் கவிழ்த்தபோது அதே வாட்ச்மேன் ஸ்டூலைத் தனியே எடுத்து வைத்துவிட்டார். மெட்டல் வெளியே போகக்கூடாதாம். "காத்தால நீதானே பாத்து உட்ட?" என்று அம்மா கேட்டிருக்கிறாள். "பாத்தேன், பாஸ் போட்டியா? நான் இன்னா பண்ணட்டும்? மேஸ்திரி சொன்னா குடுக்கறேன்" என்று பதில். மேஸ்திரி, "வெச்சிட்டுப் போ, அப்பறம் பாக்கலாம்" என்றார்.

அவர் பார்த்த லட்சணத்தைக் கேளுங்கள். மறுநாள் காலை அம்மா யார்டுக்குள் போனபோது கவிழ்த்த டின் ஓரமாக உருண்டு கிடந்தது, மேஸ்திரி எங்கள் பச்சை ஸ்டூல்மேல் உட்கார்ந்திருந்தார். "நல்லா கீது தேசம்மா, இடுப்புக்கு சுகமா கீது" என்று வாய்விட்டே சொன்னாராம்! பாவி மனுஷன், எதிரிலேயே அம்மா குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்க, அவள் வாங்கின ஸ்டூலில் அவளுக்கு நேரெதிரே உட்கார்ந்து, அவள் கை ஸ்லோவாகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் இரண்டு நாளில்லை, மாசக்கணக்கில். ராத்திரி நான் தைலம் தேய்க்கிறபோது அம்மா இதைச் சொல்வாள், நைனா போய்க் கேட்கிறேன் என்று எழுந்திருப்பார், "பேஜார் பண்ணாத, இருக்கற வேலையும் பூடும்" என்று அம்மாவே உட்காரவைத்துவிடுவாள்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் கேட்டை விரியத் திறந்துவைப்பார்கள், வேலை செய்கிறவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிவரலாம், பொரிகடலையும் ஸ்வீட்டும் கிடைக்கும். யார்டை முந்தின நாளே பெண்கள்தான் கழுவிவிட்டிருந்தார்கள். கிரேனுக்கு மாலை, எடைமேடைக்கு வாழைக்கன்று, கடப்பாரை, சம்மட்டி, கேஸ் கட்டர் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டிருந்தார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் யாரும் தொட்டு வேலை செய்யக்கூடாது, அது எல்லாருக்கும் தெரிந்த முறை. அந்த வரிசையின் கடைசியில், கித்தான்மேல் மூன்று குங்குமப் பொட்டும் ஒரு எலுமிச்சம்பழமும் சாமந்திப் பூவுமாக எங்கள் ஸ்டூல் நின்றது.

"எம்மா, நம்ம ஸ்டூலு!" என்று நான் கத்திவிட்டேன். முதலாளி திரும்பினார், வெள்ளை வேட்டி கட்டின பெரிய மனிதர், அன்றைக்குத்தான் அவரை நான் முதல் தடவை பார்த்தேன். "என்னது?" என்றார். மேஸ்திரி கூசாமல், "ஒண்ணுமில்ல சார், கம்பெனி ஸ்டூல்தான், குழந்த ஏதோ சொல்லுது" என்றார்.

அம்மா அன்று ஜரிகை போட்ட மாம்பழக் கலர் சேலை கட்டியிருந்தாள். கற்பூரம் ஏற்றியாகிவிட்டது, அய்யர் மணியை ஆட்டிக்கொண்டிருந்தார். அம்மா என் கையை விட்டாள், வரிசைக்குப் போனாள், எலுமிச்சம்பழத்தையும் பூவையும் எடுத்துப் பக்கத்துச் சம்மட்டிமேல் வைத்தாள், ஸ்டூலை இழுத்துக் காலை ஊன்றச்செய்து, எல்லாரும் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறபோது அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். மணி நின்றுபோயிற்று.

"எழுந்திருடி! சாமிக்கு வெச்சது!" என்று மேஸ்திரி பாய்ந்தார். அம்மா அசையவில்லை. "என் பொருளு. நான் உக்காரத்தான் வாங்கனது. பாப்பா எதிர்ல கம்பெனிதுன்றியே, உனுக்கு வாய் கூசல?" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கற்பூரம் எரிந்து அணைகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள், அப்புறம் அவளாகவே எழுந்து, பின்பக்கத்தில் ஒட்டியிருந்த குங்குமத்தைத் தட்டிவிட்டாள்.

மேஸ்திரியைவிட எனக்கு ஆத்திரம் யார்மேல் தெரியுமா? கூட நின்ற பெண்கள்மேல். ஸ்டூலைப் பிடுங்கினபோது வாய்திறக்காதவர்கள் அன்றைக்குத் திறந்தார்கள். "அய்யய்யோ, பூஜ போட்டதுல உக்காந்துட்டாளே, இன்னா திமிரு!" "இவளால நமக்கு இன்னா வரப்போவுதோ!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், எல்லாரும் அம்மா மாதிரியே காலில் நரம்பு புடைத்தவர்கள். ரோசி அக்கா ஒருத்திதான் வந்து அம்மா தோளில் கை வைத்தாள், அவளையும் "உனுக்கு இன்னா தெரியும், நீ சர்ச்சுக்குப் போறவ" என்று அடக்கிவிட்டார்கள். பூஜை லீவு முடிந்து கம்பெனி திறந்த நாள் அம்மாவை கேட்டிலேயே நிறுத்தி, இனிமேல் வரவேண்டாம் என்றார்கள். அவள் உட்கார்ந்ததற்காக என்று யாரும் சொல்லவில்லை, தெய்வக் குத்தம் பண்ணிவிட்டாளாம்! கொஞ்ச நாள் கழித்து கிரேன் சங்கிலி அறுந்து விழுந்தபோது, துருப்பிடித்த சங்கிலியை மாற்றாதவர்களை விட்டுவிட்டு, அதையும் அம்மா கணக்கில்தான் எழுதினார்கள்.

நான் கத்தாமல் இருந்திருந்தால் வேலை தங்கியிருக்கும் என்று நைனா சாகிற வரைக்கும் சொன்னார். சொல்லட்டும், எனக்கு அதில் ஒரு பொட்டு வருத்தமும் கிடையாது.

அதற்கப்புறம் அம்மா பிஸ்கட் பாக்கிங், ஒயர் கம்பெனி, பாட்டில் கம்பெனி என்று எங்கெங்கோ போனாள், எல்லா இடத்திலும் நின்றாள். ஸ்டூல் அந்த கேட்டைத் தாண்டி வரவேயில்லை. போன மாதம் அந்த ரோட்டில் போனபோது பார்த்தேன், யார்டு இல்லை, குவியல் இல்லை, கிரேன் இல்லை, அங்கே ஒரு பெரிய கோடவுன் நிற்கிறது. கழுத்தில் கார்டு மாட்டிய சின்னப் பெண்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வரிசையாக உள்ளே போனார்கள். நான் எதிர் டீக்கடையில் நின்று விசாரித்தேன், பேர், ஊர் எல்லாம் சொன்னேன், அங்கே யாருக்கும் மேஸ்திரியையும் தெரியவில்லை, முதலாளியையும் தெரியவில்லை, போய் நாலு வார்த்தை கேட்கலாமென்றால் கேட்க ஒரு ஆள் மிச்சமில்லை.

அம்மாவின் காலில் இப்போது புண் வந்து ஆறாமல் கிடக்கிறது. திருவள்ளூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சின்னப் பையன், கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இவ்ளோ வருஷம் நின்னுக்கிட்டேவா வேலை செஞ்சீங்க? நடுவுல கொஞ்ச நேரம் உக்கார வேணாமா?" என்று அம்மாமேல் கோபித்துக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சாதாரணமாகச் சொன்னாள்.

"ஒரே ஒரு தபா உக்காந்தேன் டாக்டர். அதுக்கே வேலைய உட்டு அனுப்பிட்டாங்க."