பாதிக் கூரை

எங்கள் லயத்தின் பழைய தகரங்களை இறக்கிய அன்று நான் சிரித்துக்கொண்டே நின்றேன். இப்போது அதை எழுதக் கை கூசுகிறது. லயம் என்றால் எஸ்டேட் ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடு; பத்து வீடுகளுக்கும் சேர்த்து நீளமாக ஒரே கூரை. என் மாமனார் காலத்துத் தகரம். தொட்டால் பொரிந்து உதிரும். காற்றில் பறக்காமல் இருக்க மேலே கல்லும் பழைய டயரும் ஏற்றி வைத்திருந்தோம். காண்ட்ராக்டரின் ஆட்கள் ஒவ்வொன்றாக உருவிக் கீழே போட்டார்கள். பாதி விழும்போதே தூளானது. மிச்சத்தை அன்று மாலையே லாரியில் ஏற்றிப் பழைய இரும்புக்குக் கொண்டு போனார்கள்.

கேரளப் பக்கத்து வண்டிப்பெரியாற்றிலிருந்து மேலே ஏறும் ரோட்டில் இருக்கிறது எங்கள் எஸ்டேட். முதலாளி போட்டுவிட்டுப் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. தேயிலைக் கொளுந்து எடுத்த பெண்கள் எல்லோரும் இப்போது விடியலில் ஜீப் ஏறி ஏலக்காட்டு வேலைக்குப் போகிறோம். வேலை போன பிறகும் வீடு மட்டும் எங்களிடம் இருந்தது. அதுவும் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் லயங்களைப் புதுப்பிக்க அரசாங்கம் பணம் ஒதுக்கியிருக்கிறது என்று பஞ்சாயத்து மெம்பர் வந்து சொன்னார். ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு கமிட்டி வேண்டும், கையெழுத்து வாங்க ஒரு ஆள் வேண்டும் என்றார். நான் மலையாளப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள். அதனால் அந்த வேலை என்னிடம் வந்தது.

ஒன்பது வீடுகளில் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எட்டாவது வீட்டு அக்காதான் மறுத்தாள். அவள் புருஷன் ஃபேக்டரியில் வேலை பார்த்தபோது விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடப்பவர். கட்டிலை நகர்த்தவே இரண்டு பேர் வேண்டும். புதுத் தகரம் வந்து இறங்கட்டும், பிறகு பழையதைக் கழற்றலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். காண்ட்ராக்டருக்கு அது ஒத்துவரவில்லை. கூரை ஒரே கூரை, எல்லாவற்றையும் ஒரே தடவையில் இறக்கினால்தான் மரத்தைச் சரி செய்ய முடியும் என்றார். நான் மூன்று நாள் அக்கா வீட்டுக்கு நடந்தேன். அரசாங்கப் பணம், பாதியில் நிற்காது என்று சொன்னேன். சம்மதப் பத்திரத்தை மலையாளத்தில் வாசித்துத் தமிழில் அர்த்தமும் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

முதல் ஐந்து வீடுகளுக்கு நீலத் தகரம் ஏறியது. என்னுடையது நான்காவது வீடு. ஆறாவது வீட்டிலிருந்து பத்தாவது வரை மரம் மட்டும் நின்றது. ஒரு திங்கட்கிழமை ஆட்கள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை நான் ஏலக்காட்டுக்குப் போகாமல் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் ஃபைலைப் புரட்டினாள். முதல் கடு முடிந்துவிட்டது என்றாள். தவணையைத்தான் அங்கே கடு என்பார்கள். இரண்டாவது எப்போது என்று கேட்டேன். "அது பறயான் பற்றில்ல, சொல்ல முடியாது சேச்சி. ஸ்கீமோட வருஷம் கழிஞ்சு போச்சு. இனி புதுசா பாஸ் ஆகணும். செலப்போ வரும், செலப்போ வராது." அவள் முகத்தில் கடுப்பு இல்லை, பாவமாகத்தான் சொன்னாள். நான் கவுண்டரை விட்டு நகராமல் நின்றேன். எனக்குப் பின்னால் நின்றவர் கையை நீட்டித் தன் காகிதத்தைக் கொடுத்தார். அவர்கள் பேசிக்கொண்டது என் தலைக்கு மேலே எங்கோ கேட்டது. ஐந்து வீட்டுக்கு வானம்தான் கூரை என்பது என் மண்டையில் ஏற அவ்வளவு நேரம் பிடித்தது.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்த சம்மதப் பத்திரத்தின் நகலை எடுத்தேன். நான்காவது வரி. ஃபண்ட் லப்யதைக்கு விதேயமாக என்று இருந்தது. பணம் கிடைப்பதைப் பொறுத்து என்று அர்த்தம். அந்த வரியை நான் பத்து வீட்டிலும் வாசித்திருக்கிறேன். எல்லாக் காகிதத்திலும் இருக்கும் ஒரு வரி என்று நினைத்து, அர்த்தம் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். மெம்பருக்கு போன் போட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். புதிய வருஷத்துக்கு இந்தத் திட்டத்தில் பணம் வைப்பார்களா என்று தனக்கே தெரியாது என்றார்.

திரும்பி வரும்போது ஜீப்பிலிருந்து லயத்தைப் பார்த்தேன். ரோடு கொஞ்சம் மேலே ஏறுவதால் உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தது. அக்காவின் அரிசி டிரம், கொடியில் தொங்கிய துணி, கட்டிலில் அவர். கட்டிலுக்கு மேலே ஒரு தார்ப்பாயை நான்கு மூலையிலும் கட்டியிருந்தாள். ஜீப்பில் இருந்தவர்களுக்கும் அது தெரிந்தது. ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. மலைக்கு அந்தப் பக்கம் கறுத்துக் கிடந்தது.

நேராக அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் டிரம்மைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டிருந்தாள். நகர்த்தி முடித்த பிறகுதான் திரும்பினாள்.

"நீதானட்டி வாசிச்சுச் சொன்ன. இது அதுல இல்லியா?"

"இருந்துச்சுக்கா."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கட்டிலில் அவர் காலடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றே அவர்களை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கட்டிலைத் தூக்க நான்கு ஆண்கள் வந்தார்கள். கூரையில்லாத மற்ற நான்கு குடும்பங்களும் கூரை உள்ள வீடுகளில் ஏறிக்கொண்டன. முதல் மழை மூன்றாம் நாள் வந்தது. ஐந்து வீட்டில் பத்துக் குடும்பம். படுக்க இடமில்லை, அடுப்புக்குச் சண்டை. அக்காவின் புருஷனுக்கு எங்கள் முன்னறை முழுக்கப் போய்விட்டது. தனக்காக நாங்கள் நெருக்கியடித்துக் கிடப்பதை அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் சாப்பிட மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டார்.

வழியைச் சொன்னவர் என் வீட்டுக்காரர். வேறொரு எஸ்டேட் ஃபேக்டரியில் ஃபிட்டருக்கு உதவியாக இருக்கிறார். கூரையின் முன்சரிவு முன்னறையை மூடும், பின்சரிவு அடுப்படியை மூடும். ஐந்து வீட்டின் பின்சரிவிலுள்ள தகரத்தைக் கழற்றி, மற்ற ஐந்து வீட்டின் முன்சரிவில் போட்டால் பத்து வீட்டிலும் ஒரு அறை நனையாது. அடுப்படிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொள்ளலாம். முதல் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. இது அரசாங்கம் போட்ட கூரை, கை வைத்தால் கேஸ் ஆகும் என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவி உள்ளே போய் அடுப்படிப் பாத்திரங்களை முன்னறைக்கு மாற்ற ஆரம்பித்தாள். அவரும் எழுந்து பெரிய அண்டாவைத் தூக்கிக் கொடுத்தார். மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக ஏறி மாற்றினோம். அக்கா கீழே நின்று தகரத்தைத் தாங்கிக் கொடுத்தாள். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தபோதும் விடவில்லை. அன்று மாலையே அக்காவும் மற்றவர்களும் அவரவர் வீட்டுக்குத் திரும்பினார்கள்; அவர் கட்டிலையும் தூக்கிப் போனோம்.

புதன்கிழமை பஞ்சாயத்து ஓவர்சியர் வந்தார். முடிந்த ஐந்து வீட்டையும் போட்டோ எடுத்து ரிப்போர்ட் அனுப்ப வேண்டுமாம். முன்பக்கம் வந்ததும் சந்தோஷப்பட்டார், பத்து வீடும் முடிந்துவிட்டதே என்று. பின்பக்கம் போய்ப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நிங்க எந்தா செஞ்சு வெச்சிருக்கு? இது முடிஞ்ச வேலையல்லே. ரெண்டாம் கடு கேக்கணும்னா இந்த அஞ்சு வீடு முழுசா காட்டணும்."

அந்த ஐந்து வீடும் முழுசாக இல்லையென்றால் பணம் கேட்கவே முடியாது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எதையும் கலைத்துவிட்டோம் என்று நான் நினைத்திருக்கவில்லை. முன்பக்கம் மட்டும் போட்டோ எடுக்கலாமா என்று கேட்டேன். அப்படி அனுப்பினால் எல்லாம் முடிந்தது, இனிப் பணம் வேண்டாம் என்று ஃபைலை மூடிவிடுவார்கள் என்றார். முன்னால் எடுத்தாலும் பின்னால் எடுத்தாலும் எங்களுக்கு ஒன்றுமில்லை.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள்.

"அப்ப எங்க வீட்டுலருந்தே கழட்ட ஆரம்பிங்க சார். உள்ள அவுக படுத்திருக்காக. தூசி அவுக மேல விழாமப் பாத்துக்கிடுங்க."

கோபத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே கழற்றப் போகிறார்கள் என்று நினைத்துத்தான் சொன்னாள். ஓவர்சியர் வாசலில் நின்றபடியே உள்ளே கட்டிலைப் பார்த்தார். அக்காவின் புருஷன் அவரைப் பார்த்துக் கும்பிட்டார். ஓவர்சியர் குடையை மடக்கிவிட்டு அந்த வாசல் படியிலேயே உட்கார்ந்தார். மழைத் தூறல் அவர் சட்டையில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு, இருக்கிறதை இருக்கிறபடி எழுதுகிறேன், கீழே நீங்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள் என்றார். முன்னும் பின்னும் போட்டோ எடுத்தார். அவர் எழுதியதை நான் பத்து வீட்டாருக்கும் ஒரு வார்த்தை விடாமல் அர்த்தம் சொல்லி வாசித்தேன். அக்கா கடைசியாகப் போட்டாள்.

மழைக்காலம் முடிந்து பதில் வந்தது. விஷயம் பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு வரி. அதன் பிறகு வந்த பட்ஜெட்டிலும் தோட்டத் தொழிலாளர் வீட்டுக்குப் பணம் என்று சொன்னார்கள். எந்த லயத்துக்கு, எவ்வளவு நாளில் என்று கேட்டால் உத்தரவு வரவில்லை என்கிறார்கள். மாசம் ஒரு தடவை போய்க் கேட்கிறேன். அடுப்படித் தார்ப்பாய் ஒரு மழைக்குத்தான் தாங்குகிறது. இரண்டாவது வருஷம் கிழிந்துவிட்டது, மாற்றினோம். அக்காவும் நானும் பழையபடி பேசுகிறோம். ஆனால் பஞ்சாயத்துக் காகிதம் எது வந்தாலும் அவள் அதை என்னிடம் கொடுப்பதில்லை. ஜீப்பில் கூட வரும் வேறொரு பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்கிறாள்.

போன மாசம் புது ஓவர்சியர் வந்தார். பழையவருக்கு மாற்றல். இவர் லயத்தைச் சுற்றி நடந்து, இந்த மாதிரிப் பாதிப் பாதியாகக் கூரை போட யார் உத்தரவு கொடுத்தது என்று கேட்டார்.

நாங்களேதான் போட்டுக்கொண்டோம் என்றேன். அதை மட்டும் எழுதிக்கொண்டு போனார்.