முழங்காலில் நின்றபோது தெரிந்த முள்

பிரியமானவர்களே, இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. ஆண்டவர் எனக்குச் செய்ததை மறைக்க நான் யார்?

என் பெயர் எஸ்தர். ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த என் அக்காள் ரூத்துக்கும் எனக்கும் சர்க்கரை வியாதி. முந்தின வருடம் அவள் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பே கர்த்தரிடம் போய்விட்டாள். கால் கெடுவதற்கு முன்னால் ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஏட்டி, செருப்பு கழண்டு ரோட்டுல கெடக்கு. நான் பாட்டுக்கு வீடு வந்து சேந்துட்டேன்."

போன மழைக்காலத்தில் சந்தைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், என் இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றதென்றே தெரியவில்லை; அக்காள் கால் மாதிரியே என் காலும் மரத்துவிட்டது. அன்றிலிருந்து அக்காள் என்னோடேதான் இருந்தாள். பாத்திரம் கழுவினால் பின்னால் நிற்பாள். சேலை மடித்தால் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். "ஆண்டவரே, என் காலை எனக்கு விட்டுவிடும்" என்று அழுவேன். அக்காளும் இதைத்தானே கேட்டாள் என்று நினைத்ததும் ஜெபம் பாதியில் நின்றுவிடும்.

ஒரு ஞாயிறு ஆராதனையில் முழங்காலில் நின்று அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த செல்வி என் முதுகைத் தட்டினாள்.

"யக்கா, ஒங்க உள்ளங்கால்ல முள்ளு ஏறியிருக்கு. ரத்தம் வருது!"

கருவேல முள். எனக்கு வலியே இல்லை. டாக்டர் முள்ளை எடுத்துவிட்டு, "நல்ல வேளை, இப்பமே வந்தீங்க. வச்சிருந்தா காலுக்கே ஆபத்தா போயிருக்கும்" என்றார்.

அவரே என்னை ஆஸ்பத்திரியில் நடக்கும் வியாழக்கிழமை வகுப்புக்கு அனுப்பினார். வயதான சர்க்கரைக்காரர்களுக்கு உடற்பயிற்சியும் சாப்பாட்டுப் பாடமும் சேர்த்துச் சொல்லித் தருகிறார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. சுகம் கேட்டால் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டச் சொல்கிறார்களே! நர்ஸம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்: "ராத்திரி நான் சோத்தத் தொடுறதே இல்ல. சப்பாத்திதான்."

"எத்தன?"

"வயிறு நெறையுற வரைக்கும்."

"அது என்ன மாத்திரையா யக்கா? அதுவும் மாவுதான! அம்புட்டும் சக்கரையாத்தான் போகும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டிலும் அதே கதைதான்.

இப்போது தட்டில் பாதி காய், கொஞ்சம் பயறு, சப்பாத்தி அளவோடு. புண் ஆறும்வரை நாற்காலிப் பயிற்சி, பிறகு ஷூ போட்டு நடை. மாத்திரையை விடவில்லை. சர்க்கரை இறங்கியது, புண்ணும் மூடியது. பாதம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. ஆனால் இருக்கிறது. ஸ்தோத்திரம்!

போன மாதம் அக்காள் வீட்டுக்காரரையும் வகுப்புக்குக் கூட்டிப் போனேன். அத்தானுக்கும் இப்போது சர்க்கரை. சப்பாத்திப் பேச்சு வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். பின்னாலேயே போனேன்.

"அவளுக்கு நாந்தான தினமும் சுட்டுப் போட்டேன், எஸ்தரு. ஒடம்புக்கு நல்லதுட்டி, இன்னொண்ணு வச்சுக்கன்னு சொல்லிச் சொல்லி வச்சேன். அப்ப ஏன் எங்களுக்கு யாரும் சொல்லல?"

என் முதுகைத் தட்ட ஆளை வைத்தவர் அவளுக்கு ஏன் வைக்கவில்லை? ஆண்டவரிடம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இதோ, நான் நன்றி சொல்லும்போதும் அவள் பக்கத்தில்தான் நிற்கிறாள்.

அத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். பிரியமானவர்களே, ஆண்டவரை நம்பி ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு வியாழக்கிழமை வாருங்கள். என் அக்காளுக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்லிவிட்டேன்.