சன்னம் இல்லாத தலை

யாராவது என்னைப் பார்த்துப் பாவம் என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தபோதே எம்.எஸ். வருத்தம் வந்தது. நரம்பைச் சுற்றியிருக்கும் உறையை நம் உடம்பே அரித்துவிடும் நோய் அது. கொழும்பு டொக்டர் என் எம்.ஆர்.ஐ. படத்தில் புள்ளி புள்ளியாகக் காட்டி விளங்கப்படுத்தும்வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. பிறகு திருகோணமலையில் இதே வருத்தத்தோடு யாராவது படம் எடுத்து வந்தால் தெரிந்தவர்கள் என்னிடம் சொல்லியனுப்புவார்கள்.

அப்படித்தான் லிங்கநகருக்குப் போனேன். துறைமுகச் சந்திச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் நான் கொண்டுபோன எம்.ஆர்.ஐ. படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தந்தான்.

சண்டையில் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து உறவினர் வீட்டில் இருந்தாள் அந்தப் பெண். கதிரையில் விறைத்துப்போய் இருந்தாள். முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் என் பக்கம் உருட்டினாள். அவளுடைய சின்ன மகள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். கிட்ட வந்தால் தகப்பன் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

"என்ன தங்கச்சி, கழுத்துப் பிடிச்சிட்டுதா?"

"இல்லையக்கா. தலைக்குள்ள சன்னம் கிடக்கு. ஆட்டினா நகர்ந்திடும்."

கணவர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். அவருடைய தம்பிக்குக் காலில் செல் வெடித்துச் சிதறிய இரும்புச் சன்னம் ஏறியபோது எடுத்த எக்ஸ்ரேயிலும் இப்படித்தான் தெரிந்ததாம். சம்பூரை விட்டு ஓடும்போது இவளுக்குப் பக்கத்தில் செல் விழுந்தது. அதற்குப் பிறகுதான் கால் விறைத்தது, கண் மங்கியது. வேறு என்னதான் நினைப்பார்கள்? கொழும்பில் சொன்னது பாதி விளங்கவில்லை. சன்னத்துக்கு மருந்து எதற்கு என்று அங்கே கொடுத்ததையும் நிறுத்திவிட்டார்கள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மாதக்கணக்காக ஒரு தாய் தன் பிள்ளையை மடியில் வைக்கவில்லை. என் படத்தை உருவி அவளுடைய படத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"பாருங்க, எனக்கு உங்களைவிடக் கூடப் புள்ளி இருக்கு. நான் எங்க செல்லில அடிபட்டனான்?"

"சின்னச் சன்னம் ஏறினது தெரியாதக்கா."

"சரி, அந்த மெஷினுக்குள்ள விட முதல் என்ன செய்தவங்க?"

"தோடு, கொண்டை ஊசி, தாலிக்கொடி எல்லாம் கழட்டச் சொன்னவங்க. தாலியைக் கழட்டேக்க அழுதிட்டன்."

"ஏன் கழட்டினது? அது பெரிய காந்தம். தலைக்குள்ள இரும்பு கிடந்திருந்தா அங்கயே பிடிச்சு இழுத்திருக்கும். படமும் அந்த இடத்தில கறுப்பா அழிஞ்சுபோயிருக்கும். சும்மா படுத்து எழும்பி வந்திருக்க ஏலுமா?"

கணவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இந்த வெள்ளை?"

"கரண்ட் வயரில உறை உரிஞ்ச மாதிரி, நரம்பில உரிஞ்ச இடம். அது எங்கயும் நகராது. வருத்தம் முழுக்கப் போகாதுதான். டொக்டரிட்டத் திரும்பப் போய் மருந்தைத் தொடங்கினா, இதுக்கு மேல கூடாமப் பார்க்கலாம்."

அவள் மெல்லத் தலையை வலப்பக்கம் சாய்த்தாள். பிறகு இடப்பக்கம். பிறகு சாமி வந்தவள்போல ஆட்டினாள். கொண்டை அவிழ்ந்து விழுந்தது. எந்தப் பரீட்சை பாஸானபோதும் எனக்கு அவ்வளவு பெருமை வந்ததில்லை.

"இஞ்ச வாடி," என்று மகளைக் கூப்பிட்டாள்.

பிள்ளை தகப்பனைப் பார்த்தது. "போ," என்றார் அவர். ஓடி வந்து மடியில் பாய்ந்த வேகத்தில் பிள்ளையின் நெற்றி தாயின் நெற்றியில் டொக்கென்று இடித்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"நோகுதடி," என்றாள் அவள். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிள்ளையை இறக்கவேயில்லை.