பெரிய ஆக்களுக்கு மட்டும்

றோஸ்மலர் மன்னாரில் கன்னியாஸ்திரிமாரிடம் படித்தவள். பூசை நேரத்தில் தன் முகம் அசையாமல், பக்கத்தில் இருப்பவளைச் சிரிக்கவைத்து அடிவாங்கிக் கொடுப்பதில் கெட்டிக்காரி. கலியாணம் முடித்து லண்டன் கிங்ஸ்பரிக்கு வந்து, துணி வெளுக்கும் லோண்டரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்த முகம் மாறவில்லை.

எண்பத்தொன்பதில் மகள் அஞ்சலீனாவுக்கு ஐந்து வயது நிறைந்தது. பிறந்தநாளுக்கு வகுப்புப் பிள்ளைகள் முதல்முறையாக வீட்டுக்கு வரப்போகிறார்கள்.

"மீனும் கிழங்கும் வைச்சுச் சுருட்டி, றோல்ஸ் பொரிப்பம்," என்றாள் றோஸ்மலர்.

"நோ அம்மா! எல்லாரும் மூக்கைப் பொத்துவினம்."

கணவன் பெனடிக்ற்றும் மகள் பக்கம்தான். "அதுகள் கிறிஸ்ப்ஸும் ஜெலியும் தின்னுற பிள்ளையள். எங்கட சாமானை வைச்சு இவளை வெக்கப்படுத்தாத."

றோஸ்மலர் மறுத்துப் பேசவில்லை. அதிலேயே அவன் உசாராகியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் சிவப்பு ஜெலி குளிர்ப்பெட்டிக்குள் போனது. பெரிய உருளைக்கிழங்கு ஒன்றை வெள்ளித்தாளில் சுற்றி, சீஸும் அன்னாசியும் கோத்த குச்சிகளை முள்ளம்பன்றி மாதிரிக் குத்தி வைத்தாள். எல்லாம் வெள்ளைக்கார முறைப்படி. கொஞ்ச நேரத்தில் குசினியிலிருந்து எண்ணெய் மணம் வந்தது.

பெனடிக்ற் எட்டிப் பார்த்தான். "றோல்ஸ் வேண்டாமெண்டு சொன்னனான் எல்லோ?"

"உங்கட மாமா வாறார். மனுசனுக்கு ஜெலியையே குடுக்கிறது?"

"அதுக்கு ஏன் விரலளவில சுத்தியிருக்கிறாய்?"

"அவருக்குப் பல்லில்லை எல்லோ."

பின்னேரம் பிள்ளைகள் வந்து நிறைந்தார்கள். றோஸ்மலர் றோல்ஸ் தட்டைக் கொண்டுவந்து, அவர்களுக்கு எட்டும் உயரத்தில் ஜன்னலோரம் வைத்தாள். பிறகு ஆங்கிலத்தில், கன்னியாஸ்திரிக் குரலில், அறிவித்தாள்: "இது பெரிய ஆக்களுக்கு மட்டும். ஒருவரும் தொடக்கூடாது." சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய், கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டரன் என்ற பொடியன் முதலில் போனான். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று ஒன்றைக் கடித்தான். அஞ்சலீனா மூச்சுவிடாமல் அவன் மூக்கையே பார்த்தாள்.

"இதைப் பெரிய ஆக்களுக்கு மட்டும் குடுக்கிறது அநியாயம்!" என்று டரன் கத்தினான்.

அவ்வளவுதான். திரைச்சீலைக்குப் பின்னால் வரிசை உருவானது. தட்டு வெறுமையானதும் அஞ்சலீனா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "மிச்சம் எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியும்," என்றாள். அந்தப் பட்டாளம் குசினிக்குள் நுழைந்தபோது, றோஸ்மலர் சுவரைப் பார்த்தபடி ஒரு சுத்தமான கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மாமா செபஸ்தியாம்பிள்ளை றோல்ஸை நம்பி மத்தியானம் சாப்பிடாமல் வந்திருந்தார். கிடைத்தது ஒன்றே ஒன்று. அதைக் கடித்துவிட்டு, "பிள்ளை, மிளகாய் போட மறந்திட்டியோ?" என்றார்.

பெனடிக்ற் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் மேற்கூரையைப் பார்த்தாள். அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. சிரிப்பை அடக்கப் போய் இருமலில் மாட்டிக்கொண்டான். மாமா வேறு வழியில்லாமல் ஜெலியைத் தொட்டார். பிறகு இரண்டாம் கிண்ணத்தையும் நீட்டினார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் டரனின் தாய் புறெண்டா வழிமறித்தாள். மகன் றோல்ஸ் கேட்டு இரண்டு நாளாக அரிக்கிறானாம். எப்படிச் செய்வது என்று கேட்டாள்.

"சொல்லித் தர ஏலாது. வந்து செய்துதான் பழகவேணும்," என்றாள் றோஸ்மலர்.

அடுத்த கிழமை புறெண்டா வந்தாள். அவள் சுற்றிய றோல்ஸ் எல்லாம் எண்ணெய்க்குள் வாயைப் பிளந்தன. இருவரும் வயிறு நோகச் சிரித்தார்கள். லண்டனில் றோஸ்மலருக்குக் கிடைத்த முதல் சிநேகிதி அவள்தான்.