வளையாத முதுகு

மருதப்பனுக்குக் குனிய முடியாமல் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. இந்த விஷயம் உலகத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையோடுதான் தினமும் விடிவதற்கு முன் எழுந்து, மார்சிலிங்கில் ரயில் ஏறி, ஜூரோங்கில் மாறி, குவீன்ஸ்டவுனில் இறங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

வேலை, புல் வெட்டுவது. இருபத்தாறு வருஷமாக அதேதான். வேறு ஊர்களில் புல் ஒரு பருவத்தில் வளரும், ஒரு பருவத்தில் காயும். சிங்கப்பூரில் புல்லுக்கு லீவே கிடையாது. இந்த அடுக்குமாடிப் புளோக்கில் வெட்டி முடித்து அடுத்த தெருவுக்குப் போவதற்குள் முதல் புளோக்கில் அது மறுபடி எட்டிப் பார்க்கும். மருதப்பனுக்கு அதில் கோபம் கிடையாது. 'நம்மளுக்கு வேலை குடுக்கணும்னே வளருது' என்பார்.

புல் வெட்ட மூன்று பேர் வேண்டும். ஒருவர் மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டு வெட்டுவார். இன்னொருவர், கல் தெறித்துக் காரிலோ ஆள் மேலோ பட்டுவிடாதபடி, ஆள் உயர வலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே நகர்வார். மூன்றாமவர் வெட்டிய புல்லை வாரிக் கறுப்புப் பையில் அள்ளி லாரியில் ஏற்றுவார்; பைகள் சேர்ந்துவிட்டால் மற்ற இருவரும் தூக்கக் கை கொடுப்பார்கள். மூன்றில் சுலபமானது வலை பிடிப்பதுதான். அதனாலேயே அதற்கு ஒரு மரியாதையும் இல்லை. நேற்று வந்து சேர்ந்தவனும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவனும் பிடிப்பது அது. மருதப்பன் மாதிரி பழம் தின்று கொட்டை போட்ட ஆள் வலையைப் பிடித்தால், 'என்னண்ணே, உடம்பு சரியில்லையா?' என்று நாலு பேர் விசாரிப்பார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், ஈரப் புல் அடைத்த பையை ஒரே இழுப்பாகத் தூக்கியபோது இடுப்புக்கு மேலே 'டக்' என்று ஒரு சத்தம். சத்தம் தனக்கு மட்டும்தான் கேட்டது என்பதில் மருதப்பனுக்கு நிம்மதி. அன்றிலிருந்து தொடங்கியது அவருடைய ரகசிய வாழ்க்கை. கயிறு கட்டும் சப்பாத்து போய், ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த சப்பாத்து வந்தது. கையிலிருந்து ஏதாவது விழுந்தால், அதன் பக்கத்தில் நின்று போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வார். சிங்கப்பூரில் நல்லவர்கள் அதிகம். யாராவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். வீரமாகாளியம்மன் சன்னதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிடுகிறவர், இப்போது நின்றபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டார். மனைவி அன்னம்மா ஓரக்கண்ணால் பார்த்தபோது, "நின்னுக்கிட்டுக் கும்பிட்டாலும் அம்மாவுக்குக் கேக்கும்லா" என்றார்.

இவ்வளவு ஒளிப்பு எதற்கு? அவருக்கு அடுத்த மாதம் அறுபத்து மூன்று முடிகிறது. உடம்பு தெம்பாக இருந்தால் கம்பெனி புது ஒப்பந்தம் போட்டு வெளிவேலையிலேயே வைத்துக்கொள்ளும். முதுகு என்று வாயைத் திறந்தால் ஸ்டோர்தான். முழங்கால் போன இப்ராஹீமை அப்படித்தான் போன வருஷம் ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. கையுறைகளை எண்ணி அடுக்கும் வேலை. 'வெளிய மழை பெய்யுதா வெயிலடிக்குதான்னுகூட எனக்குத் தெரியாது மருது' என்று அவர் சொன்னதை நினைத்தாலே மருதப்பனுக்கு மூச்சு முட்டியது. மெஷினுக்குப் பின்னால் பூச்சி பொறுக்க வரும் மைனாக்கள், புது வெட்டுப் புல்லின் வாசனை, இரண்டாம் மாடியிலிருந்து 'அங்கிள், என் செடியை வெட்டிராதீங்க' என்று கத்தும் சீனக் கிழவி, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கையுறை எண்ணுவதா? அதற்கு வலியே தேவலாம் என்று இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, லிட்டில் இந்தியாவில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்த அன்னம்மாவை விட்டுவிட்டு, "பத்து நிமிஷத்துல வரேன்" என்று ஜாலான் புசார் பக்கம் நழுவினார். அங்கே ஒரு ஹார்ட்வேர் கடையில், மூட்டை தூக்குகிறவர்கள் இடுப்பில் கட்டும் அகலமான பெல்ட் தொங்கியது. கடைக்காரச் சீனர் ஏற இறங்கப் பார்த்து, "சாகித் பிங்காங்?" என்று மலாயில் கேட்டார். இடுப்பு வலியா என்று அர்த்தம்.

"எனக்கில்ல, பிரெண்டுக்கு லா" என்றார் மருதப்பன், ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி.

திங்கட்கிழமை அந்தப் பெல்ட்டைச் சட்டைக்கு உள்ளே இறுக்கிக் கட்டிக்கொண்டு போனார். முதுகு இரும்புக் குழாய் போல நின்றது. அன்று பார்த்துத்தானா பாதுகாப்பு அதிகாரி வர வேண்டும்? சிவதர்ஷினி என்று பெயர். இருபத்தேழு வயது. கம்பெனிக்கு வந்து மூன்று மாதம். எந்த லாரியைப் பார்த்தாலும் ஒரு சுவரொட்டியை ஒட்டிவிட்டுப் போகிற பெண். சுவரொட்டியில் இரண்டு படம். ஒன்றில் ஒருவன் முதுகை வளைத்துப் பெட்டியைத் தூக்குகிறான், சிவப்புப் பெருக்கல் குறி. இன்னொன்றில் முதுகை நேராக வைத்து, முட்டியை மடக்கி, பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்குகிறான், பச்சை டிக். இத்தனை நாளில் பச்சை டிக் மாதிரி ஒருவர்கூடத் தூக்கி அவள் பார்த்ததில்லை.

அவள் கண் முன்னால் மருதப்பன் புல் பையைத் தூக்கினார். வேறு வழி இல்லாத மனிதர். லிப்ட் இறங்குவதுபோல நேராக இறங்கினார். பையை நெஞ்சோடு அணைத்தார். நேராக ஏறினார். படத்திலிருந்து இறங்கி வந்த ஆள் மாதிரியே இருந்தது.

சிவதர்ஷினி போனை எடுத்து வீடியோ பிடித்தாள். "அங்கிள்! பெர்பெக்ட்! யார் உங்களுக்கு டிரெயினிங் குடுத்தது?"

"அதெல்லாம் அனுபவம் மேடம்" என்றார் மருதப்பன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார். சாயங்காலம் மேற்பார்வையாளர் முகம்மது யூசுப் சிரித்துக்கொண்டே வந்தார். "அண்ணே, அடிச்சது லக்! வெள்ளிக்கிழமை காலைல டிப்போல மொத்தப் பேருக்கும் சேஃப்டி மீட்டிங். எப்படித் தூக்கணும்னு நீங்கதான் செஞ்சு காட்டப் போறீங்க. முதலாளியும் வராரு. உங்க காண்ட்ராக்ட் பேப்பர்லயும் அன்னைக்கே சைன் வச்சிருவாரு."

மருதப்பனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முதுகு சொன்னபடி கேட்டால் ஒப்பந்தம். நடுவில் காலை வாரினால் முதலாளி முன்னிலையிலேயே ஸ்டோர்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை நடந்தது. பத்துக் கிலோ அரிசி மூட்டையை நடுவில் வைத்து, இறங்கி, அணைத்து, ஏறி. மூன்றாவது முறை இறங்கியிருந்தபோது அடுப்படி வாசலில் அன்னம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்த அரிசி மூட்டையைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?"

"சும்மா, எக்சர்சைஸ்."

"எட்டு மாசமா முதுகு வலிக்குது, இப்பத்தான் எக்சர்சைஸ் ஞாபகம் வந்துச்சாக்கும்."

மருதப்பன் மூட்டையை விடாமலே நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நல்லா கேட்டீங்க! வீடே தைலக் கடை மாதிரி மணக்குது. குப்பைத் தொட்டியைத் தொறந்தா ஒட்டி உரிச்ச பிளாஸ்தரு. லிப்டுல போனா எட்டாம் மாடி மலாய்க்கார அக்கா, 'உன் வீட்டுக்காரர் இடுப்பு எப்படி இருக்கு'ன்னு கேக்குது. புளோக்குக்கே தெரியும். நீங்களா சொல்வீங்கன்னுதான் நானும் பார்த்துக்கிட்டிருக்கேன்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, எட்டு மாதமாகத் தனியாகத் தூக்கிய எதையோ இறக்கி வைத்ததுபோல் ஆறுதலாகவும் இருந்தது. பெல்ட், வீடியோ, வெள்ளிக்கிழமை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அன்னம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்து மூட்டையின் மறுமுனையைப் பிடித்தாள்.

"சொல்லிருங்க. பாலிகிளினிக்குக்குப் போவோம்."

"சொன்னா ஸ்டோர்ல போட்டுருவாங்க அன்னம்."

"ஸ்டோர்ல போட்டா வீட்டுக்கு வந்து என் உயிரை எடுப்பீங்க, அது எனக்கும் தெரியும். ஆனா ஒரு நாள் உக்காந்த எடத்துலயே மாட்டிக்கிட்டீங்கன்னா என்ன செய்வீங்க?"

அவளுக்குக் கருநாக்கு என்று மருதப்பன் பிறகு பல நாள் சொன்னார்.

வெள்ளிக்கிழமை. டிப்போவின் தகரக் கொட்டகைக்குள் எண்பது பேர் வரிசையாக நின்றார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள், பங்களாதேஷ்காரர்கள், உள்ளூர்க்காரர்கள். ஓரத்தில் நாற்காலியில் முதலாளி. நடுவில் இருபது கிலோ மண் மூட்டை. சிவதர்ஷினி மைக்கைப் பிடித்தாள். மருதப்பன் பெல்ட்டை ஒரு துளை கூடுதலாக இறுக்கியிருந்தார். உதட்டில் ஒரு புன்னகையையும் வரவழைத்துக்கொண்டார்.

முட்டியை மடக்கினார். இறங்கினார். மூட்டையை அணைத்தார். ஏற நினைத்தார்.

'டக்.'

அவ்வளவுதான். கீழே குந்தினவர் குந்தினவரே. மேலேயும் வர முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மூச்சை இழுத்தால்கூட முதுகில் கத்தி இறங்கியது. புன்னகை மட்டும் முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

சிவதர்ஷினிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பாருங்க, அங்கிள் அவசரப்படல! இந்தப் பொசிஷன்தான் முக்கியம். எல்லாரும் அப்படியே உக்காருங்க. அங்கிள் எந்திரிக்கிற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது!"

எண்பது பேரும் குந்தினார்கள். அரை நிமிஷம் ஆயிற்று. ஒரு நிமிஷம் ஆயிற்று. மருதப்பன் எழவில்லை. வரிசைகளில் தொடை நடுங்க ஆரம்பித்தது. 'அய்யோ', 'அல்லா', 'அம்மாடி' என்று முனகல்கள் கிளம்பின. பின்னால் ஒருவர் பக்கவாட்டில் சாய்ந்து, பக்கத்து ஆளையும் சேர்த்துச் சாய்த்தார்.

தகரக் கூரை சூடேறி, எல்லாருக்கும் வியர்த்து வழிந்தது. அப்போதுதான் அந்த வாசனை எழுந்தது. முதலில் மருதப்பன் தன்னுடையது என்றே நினைத்தார். ஆனால் எட்டு மாதமாக இந்தத் துறையில் ஊறிய மூக்கு அது. தான் தடவியது கோடாலித் தைலம். இதில் கற்பூரம் இருக்கிறது. இடது பக்கத்திலிருந்து புலித் தைலம். எதிர் வரிசையிலிருந்து நாட்டு மருந்துக் கடைக் குழம்பெண்ணெய். சூடாகும்போது குப்பென்று மணக்கும் பிளாஸ்தர் நாலு திசையிலிருந்தும்.

மருதப்பன் கண்ணை உயர்த்தி எண்பது முகங்களையும் பார்த்தார். வரிசைக்கு வரிசை பல முகங்களில் அவருடைய அதே புன்னகை.

"மேடம்" என்றார். "என்னால எந்திரிக்க முடியல. எட்டு மாசமா முதுகு வலி. குனிய முடியாது. அதான் இப்படி இறங்கித் தூக்குறேன். டிரெயினிங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல."

சிவதர்ஷினியின் மைக் கீழே இறங்கியது. முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார். மருதப்பன் கண்ணை மூடிக்கொண்டார். ஜன்னல் இல்லாத அறையும் கையுறைகளும் கண்ணுக்குள் வந்து நின்றன.

"எனக்கும்தாண்ணே" என்று ஒரு குரல். புதுக்கோட்டைக்கார ராமலிங்கம், அவருடைய மூவர் குழுவிலேயே புல் அள்ளுகிறவன். திரும்பி நின்று சட்டையைத் தூக்கினான். முதுகில் தபால் தலை ஒட்டியதுபோல் வரிசையாக ஆறு பிளாஸ்தர். பின் வரிசையில் இன்னொரு சட்டை உயர்ந்தது. இன்னொன்று. கடைசியில் யூசுப்பும் மெதுவாகச் சட்டையின் கீழ்ப் பொத்தானைக் கழற்றினார். உள்ளே ஜாலான் புசார் பெல்ட். மருதப்பனுடையதைவிட விலை கூடியது.

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. சிரிப்பு கொட்டகை முழுக்கப் பரவியது. சிரித்தால் முதுகு வலித்தது. வலித்ததால் இன்னும் சிரித்தார்கள். நாலு பேர் சேர்ந்து மருதப்பனைக் குந்தின வாக்கிலேயே தூக்கி, முதலாளி காலி செய்த நாற்காலியில் வைத்தார்கள்.

சிவதர்ஷினி முகம் சிவந்துபோய் எண்ணினாள். எண்பது பேரில் முப்பத்து நாலு.

முதலாளி தலையைச் சொறிந்தார். "முப்பத்து நாலு பேரை எங்க கொண்டு போய் வைக்கிறது?" என்று ஆங்கிலத்தில் யூசுப்பைக் கேட்டார்.

"ஸ்டோர்ல எடம் பத்தாது பாஸ்" என்றார் யூசுப், பொத்தானைப் போட்டுக்கொண்டே.

இடம் பத்தாது என்பதால்தான் எல்லாருக்கும் விடிந்தது. அடுத்த வாரமே சிவதர்ஷினி புது ஒழுங்கு போட்டாள். மெஷின், வலை, பை, மூன்றையும் மணிக்கு ஒரு தரம் மூவரும் மாற்றிக்கொள்ள வேண்டும். பையில் பாதிக்கு மேல் புல் அடைக்கக் கூடாது. லாரிக்கு ஒரு தள்ளுவண்டி. மருதப்பனைப் பாலிகிளினிக்குக்கு அன்னம்மா கையைப் பிடித்து அழைத்துப்போனாள். மூன்று வாரம் ஓய்வு, தினமும் பயிற்சி, பாரம் தூக்குவதில் கவனம். அந்தப் பெல்ட்டை மறந்துவிடும்படியும் சொன்னார்கள். டாக்டர் கொடுத்த கடிதத்தைப் பின்னால் இணைத்து முதலாளி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். வெளிவேலைதான்.

வேலைக்குத் திரும்பிய காலையில் மருதப்பனுக்கு முதல் ஒரு மணி நேரம் வலை. ராமலிங்கம் மெஷினோடு முன்னே போக, அவர் வலையை உயர்த்திப் பிடித்துப் பக்கத்தில் நகர்ந்தார். வெட்டுப் புல் மணத்தது. மைனாக்கள் ஆள் மாறியதைச் சட்டை செய்யாமல் வந்து இறங்கின. மூன்றாவது ஆளாக, வேறு கம்பெனியிலிருந்து அன்றுதான் வந்து சேர்ந்த நாற்பது வயதுக்காரர் ஒருவர் புல் வாரிக்கொண்டிருந்தார். மூத்தவர் வலை பிடிப்பதைப் பார்த்துவிட்டு, மெஷின் ஓய்ந்த நேரத்தில் தணிந்த குரலில் கேட்டார்.

"என்னண்ணே, உடம்பு சரியில்லையா?"

"முதுகு வலி!" என்றார் மருதப்பன், இரண்டாம் மாடிக் கிழவிக்கும் கேட்கும்படி. "உனக்கு எங்க வலிக்குது?"

வந்தவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். வாரியைக் கீழே வைத்தார்.

"தோள்பட்டைண்ணே" என்றார் மெதுவாக. "ரெண்டு வருஷமா."

"அப்ப ஒம்பது மணிக்கு வலை உனக்கு" என்றார் மருதப்பன்.