லயத்து வாசலுக்கு வந்த இருபத்திரண்டு ஜோடி பூட்ஸ்

எனக்கு எழுபத்தொரு வயசு. பெத்தது நாலு, தங்கச்சி போனபிறகு அவள் பிள்ளைகள் ரெண்டையும் கூட்டிவந்து, வளர்த்தது ஆறு. ஆறு பேரையும் தேயிலைக் கொழுந்து பறித்தே ஆளாக்கினேன். லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு வீடு உள்ள லயத்தில் கடைசி வீடு என்னுடையது. ரெண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. என் பேரை எழுதுவேன், பஸ் போர்டு வாசிப்பேன், அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி இதை எழுதுகிறாள். நடந்தது போன வருஷம், ஐப்பசி மழை பிடிப்பதற்குக் கொஞ்சம் முந்தி.

மழை பிடித்துவிட்டால் எங்கள் மலையில் அட்டைக்கடி தாங்காது. பூட்ஸ் இல்லாமல் தேயிலைக்குள் இறங்கினால் சாயந்தரம் கால் முழுக்க ரத்தம்தான். பூட்ஸ் வாங்க எங்களுக்குப் பதுளை டவுனில் ஒரே ஒரு கடை, அரிசியும் மாவும் அங்கேதான். கடைக்கார முஸ்லிம் அண்ணனை நானா என்போம், நாற்பது வருஷமாகத் தெரியும், மரியாதையான மனுஷன். ஆனால் அவரிடம் இருந்தது எல்லாம் ஆம்பளை சைஸ். விலை மூவாயிரத்துத் தொள்ளாயிரம். அதைக் கொடுத்து வாங்கிவந்து, நுனியில் பழைய சீலைத்துணியைச் சுருட்டி அடைத்துத்தான் எங்கள் பெண்கள் போடுவார்கள்.

அப்படித் துணி அடைத்த பூட்ஸோடுதான் என் மருமகள் அந்த வருஷம் முதல் தூறலிலேயே சறுக்கி விழுந்தாள். மணிக்கட்டு உடைந்து ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு. கட்டு அவிழ்த்ததும் அவளை அதே பூட்ஸோடு திரும்ப மலைக்கு அனுப்ப எனக்கு மனசே இல்லை.

வீட்டில் இருந்த நாளெல்லாம் அவள் ஒரு கையால் போனைத் தடவிக்கொண்டே இருப்பாள். எனக்கு ஆத்திரமாக வரும். ஒருநாள், "மாமி, இங்க பாருங்க. பொம்பளை சைஸ் பூட்ஸ். ரெண்டாயிரத்து ஐநூத்தம்பது" என்றாள்.

"கொண்டுவர்ற கூலி எவ்வளவு?"

"இருபது ஜோடிக்கு மேல எடுத்தா கூலி இல்லையாம். சாமான் கைக்கு வந்தபிறகு காசு குடுத்தாப் போதுமாம்."

மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். தோட்டத்தில் ஒரு நாள் முழுச் சம்பளத்தை ஒரு பேர் என்போம். ஒரு ஜோடிக்குச் சரியாக ஒரு பேர் மிச்சம்.

அன்றைக்கே வாசல் வாசலாக ஏறி இறங்கினேன். என் மருமகளோடு இருபத்திரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். காசை என் கையில் தந்தார்கள். போனை நம்பி யாரும் தரவில்லை, என்னை நம்பித்தான் தந்தார்கள்.

கால் சைஸ் கேட்டால் ஒருத்திக்கும் தெரியாது. நான் சணல் நூலை எடுத்தேன். ஒவ்வொருத்தியையும் சிமெந்துத் தரையில் நிற்கவைத்து, குதிகாலிலிருந்து பெருவிரல் வரைக்கும் பிடித்து அறுத்தேன். யாருடைய நூல் என்று தெரிய, அவரவர் பழைய சீலையில் ஒரு துண்டு கிழித்து நுனியில் முடிந்தேன். மருமகள் அதையெல்லாம் தையல் டேப்பில் வைத்துப் பார்த்துப் போனில் அடித்தாள்.

கடைசியில் விலாசம் கேட்டது. "வீட்டு நம்பர் கேக்குது மாமி, ரோட்டுப் பேரும் கேக்குது. ஆபீஸ் விலாசத்தைப் போட்டிரவா?"

எங்கள் லயத்துக்கு ரெண்டும் கிடையாது. கடிதம் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும், அங்கிருந்து எப்போது தோன்றுகிறதோ அப்போது எங்களுக்கு வரும். என் ரெண்டாவது மகளுக்கு நர்ஸ் வேலை இன்டர்வியூவுக்கு வந்த கடிதம் அந்த ஆபீஸ் மேசை லாச்சியில் கிடந்து, இன்டர்வியூ முடிந்து ஒன்பது நாள் கழித்துக் கைக்கு வந்தது. அவள் இன்றைக்குக் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். அதனால் ஆபீஸ் வேண்டவே வேண்டாம் என்றேன். "கோயிலுக்குப் பின்னால் லயம், கடைசி வாசல்" என்று என் பேரில் போட்டு, எங்கள் போன் நம்பரையும் கொடுத்தோம்.

அந்த வாரம் மருமகளைக் கட்டுப் பார்க்கப் பதுளைக்குக் கூட்டிப்போனபோது, கோதுமை மா வாங்க நானா கடைக்குள் ஏறினேன். ஒளிக்காமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் தராசைப் பார்த்தபடியே, "படத்தப் பாத்து வாங்கினா படம்தான் அம்மா வரும்" என்றார். லயத்துக்குத் திரும்பினால் எங்கள் கங்காணி இன்னும் மோசம். "பெட்டியத் தொறந்தா செங்கல்லு இருக்கும் ஆத்தா. அடுப்புக் கட்டிக்கலாம்." எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் செங்கல் வந்தால் அந்த இருபத்தொரு வீட்டு வாசலிலும் நான் எப்படிப் போய் நிற்பேன்?

ஒன்பதாம் நாள் போன் வந்தது. பேசியது சாமான் கொண்டுவந்த ஒரு சிங்களப் பிள்ளை. மருமகள் போனை என்னிடம் தள்ளினாள். நான் பக்கத்துச் சிங்களக் கிராமத்துச் சந்தையில் போஞ்சிக்காய் விற்றுச் சிங்களம் பழகினவள்.

"அம்மே, ஃபேக்டரி கேட்ல நிக்கிறேன். ஆபீஸ்ல குடுத்திட்டுப் போறேனே."

"ஆபீஸ்ல காசு கட்ட மாட்டாங்க மகன். காசு என்கிட்டதான் இருக்கு."

"போன்ல ரோட்டுப் படத்துல உங்க வீடே இல்லையே. டவுனுக்கு வந்து எடுங்க, இல்லாட்டி திருப்பி அனுப்பிருவேன்."

"படத்துல இல்லாட்டி என்ன, நான் அம்பது வருஷமா இங்கதான் இருக்கேன். வாசலுக்குக் கொண்டுவாரோம்னுதானே போட்டிருந்தீங்க? நான் சொல்ற மாதிரி வா."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவனைக் கூட்டிவந்தேன். ஃபேக்டரிக்குப் பின்னால் இடது பக்கம் இறங்கு. தண்ணி பிடிக்கிற பீலி வரும், குடம் வரிசையாக இருக்கும். அதைத் தாண்டி, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடுகிற நீலக் கதவு போட்ட பிள்ளைமடுவம், உள்ளே குழந்தைகள் அழுகிற சத்தம் கேட்கும். ஒரு தடவை தப்பாகத் திரும்பி உரக் கொட்டகைக்குப் போய்விட்டான். "அங்க உரம் நாறுதா? அப்ப திரும்பு" என்றேன். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கோயிலுக்கு மேலே வேன் ஏறவில்லை. அங்கேயே நின்று ஹார்ன் அடிக்கச் சொன்னேன்.

மத்தியானக் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டுப் பெண்கள் இறங்கும் நேரம் அது. ஹார்ன் சத்தம் கேட்டு எல்லாரும் வந்துவிட்டார்கள். கொழுந்து மூட்டை தூக்குகிற மாதிரியே பெட்டிகளைத் தலையில் வைத்து என் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். காசு தந்தால்தான் பிரிக்கலாம் என்றான் அந்தப் பிள்ளை. கொடுத்தேன். போனை நீட்டிக் கையெழுத்துக் கேட்டான். கண்ணாடியில் விரலால் என் பேரை முழுசாக எழுதினேன். அவன் அவசரப்படுத்தாமல் நின்றான்.

பெட்டியைப் பிரித்ததும் கங்காணிதான் முதல் ஆளாக எட்டிப் பார்த்தார். உள்ளே பூட்ஸ். கறுப்பு நிறம், சின்னதும் பெரிசுமாக. சணல் நூலை ஒவ்வொன்றுக்குள்ளும் விட்டுப் பார்த்து, பேர் சொல்லிக் கொடுத்தேன். துணி அடைக்காமல் போட்டுக்கொண்டு பெண்கள் வாசலில் மேலும் கீழும் நடந்தார்கள். என் மருமகள் ஒரு கையால் இழுத்துப் போட்டு, காலைத் தரையில் ஓங்கிக் குத்திப் பார்த்தாள்.

"என்ன கங்காணி, அடுப்புக் கட்டலாமா?" என்று கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஆத்தா, அடுத்த தரம் எடுக்கிறப்ப எங்க வீட்டுக்காரிக்கும் ஒண்ணு" என்றார்.

ஒரு ஜோடி மட்டும் சரிவரவில்லை, அதையும் சொல்லத்தான் வேணும். அதைப் போட்டவளுக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம். நான் அதைப் பார்க்காமல் அளந்துவிட்டேன். மாற்றி எடுக்க வந்த கூலியை என் காசிலேயே கட்டினேன்.

பிறகு நானா கடைக்குப் போனபோது அவர், "எனக்கிட்டச் சொல்லியிருந்தா நானே எறக்கித் தந்திருப்பேனே அம்மா" என்றார். "நாப்பது வருஷமா சின்ன சைஸ் இருக்கான்னு கேட்டோமே நானா" என்றேன். மனுஷன் எனக்கொரு பிளேன்டீ எடுத்துவரச் சொன்னார். இப்போது அவர் கடையிலும் பொம்பளை சைஸ் இருக்கிறது, விலையும் இறங்கியிருக்கிறது. அரிசியும் மாவும் இன்றைக்கும் அவரிடம்தான் வாங்குகிறேன்.

மிச்சம் பிடித்த காசு எல்லா வீட்டிலும் அந்த மாசமே செலவாகிவிட்டது. ஆனால் வெளியூர்க்காரன் ஒருத்தன் என் பேரைச் சொல்லி, என் வாசலைத் தேடி அந்த மலையேறி வந்தானே, அதை நினைக்கிற நாளெல்லாம் நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடக்கிறேன்.

போதும் கண்ணு, பேனாவை மூடு. நான் சொல்லாததை எதுவும் சேர்த்திருக்கியான்னு பாக்கணும், முதல்ல இருந்து மெதுவா வாசி.