சவரிமுத்து அண்ணனும் சாவு வீட்டு ஏர்கோனும்

அந்த ஃபியூஸில் தடித்த கம்பியைப் போட விட்டிருக்க வேண்டுமா? ஒரு மாதமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

சீனப் புத்தாண்டுப் பெருநாளின் முதல் நாள் காலை, லூர்து அக்கா தொலைபேசியில் அழைத்தார். “டீச்சர், அவரு எந்திரிக்கல.” அவ்வளவுதான் சொன்னார். கூலிம் வட்டாரத்தில் ஏர்கோன் என்னும் குளிர்சாதனப் பெட்டி மாட்டுபவராக நீங்கள் எல்லாரும் அறிந்த அவர் கணவர் சவரிமுத்து அண்ணன், அறுபதைத் தொடாமலே தூக்கத்தில் போய்விட்டார்.

அண்ணனும் நானும் கரங்கான் பக்கத்தில் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். நான் பல்கலைக்கழகம் போய் இயற்பியல் ஆசிரியையாகத் திரும்பினேன். அவர் ஐஸ் பெட்டி பழுதுபார்க்கப் போய் ஏர்கோனுக்கு வந்து சேர்ந்தார். எழுபதுகளில் வங்கியிலும் தோட்ட மானேஜர் பங்களாவிலும்தான் ஏர்கோன் இருந்தது. பிறகு நகைக்கடை, பல் மருத்துவர், கடைசியில் வீடுகள். முடிதிருத்தும் கடைக்காரர் ஒருவர் அவரை வழிமறித்தது நினைவிருக்கிறது.

“எதிர்க்கடையில மாட்டிட்டான் லா அண்ணே! முடி வெட்ட வந்த ஆளு பாதி முடியோட அங்க ஓடிருவான்.”

“உன் கூரை தகரம். பத்து மெஷின் வெச்சாலும் பத்தாது. மொதல்ல சீலிங் அடி, தம்பி.”

“சீலிங்க யாரு பாக்கப் போறா? ஏர்கோன்னா போர்டுல எழுதலாம்.”

வெயில் ஊரில் குளிரை விற்கிறார் என்று நானும் அவரைக் கேலி செய்ததுண்டு. “குளிர விக்கல டீச்சர். உள்ள இருக்கிற சூட்ட எடுத்து வெளிய கொட்டுறேன். வெளிய யாரு நிக்கிறாங்கன்னு ஒருத்தரும் கேக்கிறதில்ல” என்றார். அதில் திருத்த எனக்கு எதுவும் இருக்கவில்லை.

பழைய ஜன்னல் ஏர்கோன் ஒன்றை மட்டும் அவர் யாருக்கும் விற்கவில்லை. தூரத்திலிருந்து பிள்ளை வரவேண்டிய சாவு வீடுகளுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போவார். பழைய வீட்டு ஒயர் தாங்காதென்று மீட்டரிலிருந்து தனி ஒயர் இழுப்பார். செர்டாங்கில் இறந்துபோன ஒரு தாய்க்கு மாட்டிவிட்டு, “புள்ள வந்து மொகத்தப் பாக்கட்டும். அப்புறம் கழட்டிக்கிறேன்” என்றார். உடலைச் சுற்றி ஐஸ் கட்டி அடுக்கும் வழக்கத்தையே நாம் மெல்ல மறந்தோம்.

அவருடைய வீடோ பலகை வீடு. ஏர்கோன் கிடையாது. ஒயரெல்லாம் பழையது. லண்டனில் தாதியாக இருக்கும் ஒரே மகள் ரீத்தா போனில், “அப்பாவ வெச்சிருங்க, வந்துடுறேன்” என்றாள். மறுநாள் மாலைக்குள் வந்துவிடலாம். லூர்து அக்காவின் தம்பி அருள் அந்த ஏர்கோனை ஜன்னலில் ஏற்றினார். மூன்று முறை ஃபியூஸ் எரிந்தது.

“கம்பிய தடிப்பா போட்டா நிக்கும் லா டீச்சர்.”

“போடாதீங்க. ஒயர் சூடாகி பலகை பத்திக்கும்.”

“அப்ப என்ன செய்யிறதுன்னு சொல்லுங்க. படிச்சவங்கதானே?”

ஃபியூஸ் ஏன் எரிகிறது என்று என்னால் விளக்க முடியும். தனி ஒயர் இழுக்கத் தெரியாது. தெரிந்தவர்களின் கடைகளெல்லாம் பெருநாளுக்கு மூடியிருந்தன, ஐஸ் தொழிற்சாலையும்தான். மலாய்க்காரர் ஒருவரின் பானம் விற்கும் தண்ணீர்க் கடையில் இரண்டு கட்டி ஐஸ் கிடைத்தது. பிற்பகலுக்குள் அதுவும் கரைந்து, நாங்கள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தோம். மாலையில் வந்த பங்குச் சாமியார் அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு, “காலையிலேயே அடக்கம் வெச்சிடலாம்” என்றார்.

“ரீத்தா வர்ற வரைக்கும் தாங்காதா டீச்சர்?” என்று லூர்து அக்கா கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அடக்கம் செய்தோம். மாலை ஐந்து மணிக்கு, பினாங்கிலிருந்து டாக்சியில் ரீத்தா வந்து இறங்கினாள். அழவில்லை. நேராக அறைக்குள் போய் வெறும் கட்டிலைப் பார்த்தாள்.

“அப்பாவோட மெஷின் இருந்துச்சே, ஆன்ட்டி?”

நான் ஜன்னலில் ஓடாமல் நின்ற ஏர்கோனைக் காட்டினேன்.